மூக்குத்தித் திருகு

திருகு அசையவில்லை.

கிளினிக் பெண் ரிஸ்வானா மறுபடியும் பிடித்துப் பார்த்தாள். கையுறை வழுக்கியது. மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.

"முகத்துல மெட்டல் இருந்தா மிஷின் வைக்கக் கூடாதுங்க ஆன்ட்டி. சுட்டுரும்."

தோடு கழன்றுவிட்டது. மாட்டலும் கழன்றுவிட்டது. இரண்டும் ஒரு கிண்ணத்தில் சமர்த்தாகக் கிடந்தன. இந்த ஒற்றைக்கல் மூக்குத்தி மட்டும் அடம்பிடித்தது.

மூக்குத்திக்குச் சொந்தக்காரி கிளினிக்கின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். கத்தி இல்லை, தையல் இல்லை. ரேடியோ அலையின் சூடு தோலுக்குள் இறங்கும், தளர்ந்தது மெல்ல மெல்ல இறுகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழுந்த இரண்டு கோடுகளும் முழுசாகப் போகாது, மட்டுப்படும், அதற்கு ஆறு தடவை வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

மட்டுப்பட்டால் போதும் அவளுக்கு.

அந்தக் கோடுகள் எங்கே ஆழமாயின என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் அவள் கணவர் நாச்சிமுத்துவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உங்க பையன் கண்ணு முழிச்சிட்டாரு."

நாச்சிமுத்து அவளைவிட ஏழு வயது மூத்தவர்.

பிழைத்து வந்த மனுஷன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கல்யாண வீட்டில் சொன்னார். காதுகுத்தில் சொன்னார். பந்தியில் பக்கத்து இலைக்காரரை நிறுத்திவைத்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

கிளினிக் பேச்சை எடுத்தபோதும் அதே சிரிப்புதான்.

"பேரன் எடுத்தாச்சு. இனி உன்ற மூஞ்சிய யாரு புள்ள பாக்கப் போறா?"

"நான் பாக்கறனுங்களே."

அவர் சிரித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இன்றைக்குக் காலையில் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் வந்துவிட்டாள்.

ரிஸ்வானா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்ல வெச்சுக் கழட்டிட்டு இன்னொரு நாள் வாங்க ஆன்ட்டி."

வீட்டுக்குப் போனால் திரும்பி வர மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவு நேரமும் போராடியது ரிஸ்வானாதான். இவள் கை மூக்குத்திப் பக்கமே போகவில்லை.

கல்யாணத்தன்று மாமியார் தன் கையால் திருகிவிட்டது அது. "என்ற மகன் உசுரு இதுலதான் இருக்குது கண்ணு. கழட்டிப்போடாதே" என்று காதோடு சொன்னார். அன்றிலிருந்து கழற்றவில்லை. பிரசவங்களில் கழற்றவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக்கூட மேலே பிளாஸ்டர் ஒட்டித்தான் சமாளித்தார்கள்.

நாச்சிமுத்து தன் கல்யாண மோதிரத்தை மறு மாசமே மோட்டார் ரூமில் எங்கேயோ தொலைத்தார்.

இவள் உயிருக்கு என்ன ஆகுமோ என்று ஒரு ஜனம் பதறவில்லை.

இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அது உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது. நல்ல கோபம்.

"கொஞ்சம் தள்ளிக்க கண்ணு."

எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் பூச வைத்திருந்த ஜெல்லை விரலில் தொட்டு மூக்கின் உட்பக்கம் தடவினாள். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். கண்ணில் நீர் முட்டியது. விடவில்லை. இன்னும் ஒரு தம் பிடித்துத் திருகினாள்.

கழன்றது.

உள்ளங்கையில் ஒரு மிளகளவுகூட இல்லை. இதற்கா இத்தனை காலம் பயந்தோம் என்று இருந்தது.

அடுத்த மூச்சிலேயே பயம் வந்து பிடித்துக்கொண்டது.

ஸ்டென்ட் வைத்த உடம்பு. வீட்டில் ஒண்டியாக இருக்கிறார்.

போனை எடுத்தாள்.

மணி போனது.

போய்க்கொண்டே இருந்தது.

அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். இன்னொரு கை தன்னையறியாமல் மூக்குத்தியை மூக்கருகே கொண்டுபோய்விட்டது. ரிஸ்வானா ஒன்றும் புரியாமல் நின்றாள்.

மறுமுனையில் ஒரு கத்தல்.

"ஏம்புள்ள, இந்தச் சர்க்கரை டப்பாவ எங்க கொண்டி ஒளிச்சு வெச்சே? அடுக்களையையே கவுத்துப் பாத்துட்டேன்!"

குரல் கணீரென்று இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தாள். ஜெல்லும் கண்ணீரும் கலந்து கன்னத்தில் வழிந்தன. இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! அவளுக்கே அவளைப் பிடித்துப்போயிற்று.

"என்ன சிரிப்பு? நான் கேக்கறதுக்குப் பதிலச் சொல்லு."

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"எனக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கறேன்!"

மூக்கருகே இருந்த கை கீழே இறங்கியது. மூக்குத்தி தோட்டோடு போய்க் கிண்ணத்தில் விழுந்தது.

"அப்படியே இருங்க மாமா. இன்னும் அஞ்சு தடவை கழட்டோணும்."

எதைக் கழட்டோணும் என்று அவர் அங்கே கத்திக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்தாள்.

சாய்ந்து படுத்து, முகத்தை நன்றாக நிமிர்த்திக் கொடுத்தாள்.