கல் கிண்ணமும் மோட்டாரும்

தோட்டத்து நீரூற்றின் உச்சியில் ஒரு கல் கிண்ணம் இருந்தது. கீழே தொட்டித் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த சின்ன மோட்டார்தான் அதை நிரப்பியது.

கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் குறைந்து, மோட்டாரின் முதுகு வெளியே தெரிந்தது.

"அண்ணே, உடம்பு கொதிக்குது. கொஞ்சம் நிக்கட்டுமா? நின்னாத்தான் வீட்டுக்காரர் வந்து தொட்டியைப் பார்ப்பார்" என்றது மோட்டார்.

"விருந்தாளிங்க போட்டோ எடுக்கிறாங்க. இன்னிக்கு ஒரு நாள் சமாளி" என்றது கிண்ணம்.

மறுநாளும் அதையேதான் சொன்னது. மூன்றாம் நாள் மோட்டார் கருகி நாறியது. வீட்டுக்காரர் அதைக் குப்பையில் வீசிவிட்டு, தொட்டியை நிரப்பிப் புதியதை இறக்கினார்.

"எனக்கு முன்னாடி இருந்தவருக்கு என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டது புது மோட்டார்.

"அவனா? சோம்பேறிப் பய. எப்பப் பாரு லீவு கேப்பான்."

புது மோட்டார் பயந்துபோய் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஏற்றியது.