வலது கால்

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். எதிரே தையல்காரரும் அவர் மனைவியும். புற்றுக்கட்டி, வலது காலை முழங்காலோடு எடுத்தே ஆக வேண்டும் என்று போன வாரம் வேறொரு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு டாக்டரையும் கேட்போம் என்று ஒற்றைக்காலில் நின்று இங்கே அழைத்து வந்தவள் மனைவிதான். அவரோ படத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் ஒரே ஒரு நூலில் தொங்கும் பொத்தானையே பார்க்கிறார். "மிஷின் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டுங்க, பாப்போம்." ஆட்டுகிறார். டாக்டரம்மா குனிந்து, கணுக்காலிலிருந்து மேலே விரலால் அழுத்திக்கொண்டே வருகிறார். "கட்டி எலும்பைத் தொடலைங்க. அதை மட்டும் எடுத்துடலாம். காலை எடுக்க வேண்டாம்." மனைவி முழங்கையால் இடிக்கிறாள். "ஏங்க, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்!" அவர் சட்டைக் காலருக்கு அடியில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை நூலோடு உருவுகிறார். "அந்தக் கோட்டைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்கம்மா." டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுக்கிறார். பொத்தான் தைக்கக் கை போதும். ஆனாலும் மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது.