நடுவிலே பூச்சியம்

"பிழை அங்கிள். எதிரும் எதிரும் முட்டினா பூச்சியம். மிச்சம் ஒண்டுமே இல்ல."

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற சுபோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேல்மாடி நபீஸ் மின்பொறியியலாளன். ஞாயிறு பின்னேரங்களில் வந்து அவள் கணவர் சிவபாதத்தோடு வாதாடுவான். வாதம் என்ன, அவர் சொல்வதையெல்லாம் பிழை என்பான்.

மேசையில் இரண்டு செப்புக்கம்பிச் சுருள்கள் எதிரெதிரே இருந்தன. ஒன்றில் கரண்ட் இடப்பக்கம் சுற்றும், மற்றதில் வலப்பக்கம். இரண்டு காந்தப்புலமும் நடுவில் ஒன்றையொன்று தள்ளும். அவை அங்கே அழிந்துபோவதில்லை, நசுங்கிப் பக்கவாட்டால் வெளியே போகின்றன என்பது சிவபாதத்தின் கட்சி.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரண்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சுருள்கள் மகன் சாரங்கனுடையவை. கம்பஸில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவன், காலிக்குப் போகும் வீதியில் பஸ் அடித்துப் போய்விட்டான்.

செத்தவீடு முடிந்த பிறகு சிவபாதம் யாரோடும் கதைக்கவில்லை. பல்கனியில் இருந்து கடலைப் பார்ப்பார். சுபோதினி கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். ஒருநாள் மகனுடைய மேசையில் போய் உட்கார்ந்தவர், இந்தச் சுருள்களைக் கழட்டிச் சுற்றத் தொடங்கினார்.

இன்றைக்குச் சுருள்களுக்குப் பக்கத்தில் திசைகாட்டியை வைத்து பற்றரியைத் தொடுத்தார். முள் திரும்பியது.

"பார், நபீஸ்." விரலால் முள்ளைக் காட்டினார்.

நபீஸ் குனிந்து பார்த்தான். "நீங்க சுத்தின விதம் சரியில்ல அங்கிள். அதான் இப்படிக் காட்டுது."

சிவபாதத்தின் முகம் செத்துப்போனது. சுபோதினியால் பொறுக்க முடியவில்லை. அவன் வெளிக்கிட்டதும் லிஃப்ட் வரை பின்னால் போனாள்.

"தம்பி, இனி வரவேண்டாம். பெத்த பிள்ளையைப் பறிகுடுத்த மனுசன். ஒருக்கா ஓம் எண்டு சொன்னால் உமக்கு என்ன குறைஞ்சு போகுது?"

நபீஸ் லிஃப்ட் பொத்தானை அழுத்தினான்.

"முதல் நாள் சரி எண்டுதான் ஆன்ட்டி சொன்னேன். அங்கிள் எழும்பிப் பல்கனிக்குப் போய்ட்டார். மறு ஞாயிறு வந்து, யோசிச்சுப் பார்த்தேன், பிழை எண்டேன். அண்டைக்குத்தான் வாய் திறந்து கதைச்சார்."

"அப்ப அவர் சொல்றது..."

"சரிதான் ஆன்ட்டி. இனி எல்லாத்தையும் கழட்டித் திரும்பச் சுத்துவார். ஒரு கிழமைக்கு அது போதும்."

லிஃப்ட் வந்து திறந்தது. சுபோதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"வாற கிழமையும் வந்து பிழை எண்டே சொல்லும், தம்பி."