மொட்டைமாடிச் சாவி

குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சோலார் பேனலின் அடிச்சட்டத்தில், பச்சை மையில், அவளுடைய கையெழுத்து.

இந்தக் கட்டடத்துக்கு இன்றுதான் முதல்முறையாக வருகிறாள்.

ஆய்வுக்குப் போகும் இடங்களில் பேனலின் அடியில் கையெழுத்திடுவது அவள் வழக்கம். இது போன மாதம் ஊரின் மறுகோடியில், வேறொரு குடியிருப்பில் இட்டது. அங்கே சான்றிதழ் வாங்கிய கையோடு கழற்றி இங்கே மாட்டியிருக்கிறார்கள். அழிக்கக்கூட மெனக்கெடவில்லை. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

மேற்பார்வையாளர் குழந்தைவேலு இளநீரை நீட்டினார். ஊரெல்லாம் நடப்பதுதானுங்களே என்று இழுத்தார்.

பேனல் இல்லையென்றால் நிறைவுச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் மின் இணைப்பு இல்லை. அந்த விதியை எழுதிய குழுவில் அவளும் இருந்தாள். அன்றைக்கு என்ன பூரிப்பு!

நிராகரிக்கலாம். கட்டியவருக்கு ஒன்றும் குடிமுழுகிவிடாது. எல்லா வீட்டையும் விற்றாயிற்று. பால் காய்ச்சிக் குடிவந்துவிட்ட குடும்பங்கள்தான் இந்த வெயிலில் விசிறியும் கையுமாகக் கிடக்கும்.

பேனாவை எடுத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

“மொட்டைமாடிச் சாவியக் குடுங்க.”

குழந்தைவேலுவின் சிரிப்பு நின்றது. ஓரமாகப் போய் யாரிடமோ போனில் கெஞ்சினார். திரும்பி வந்து, பாக்கெட்டைத் துழாவினார்.

சாவி வந்தது. சான்றிதழில் கையெழுத்து விழுந்தது.

மேல்வீட்டில் குடிவந்திருந்த சாந்தாமணியைக் கூப்பிட்டு, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். பேனல்கள் இனி உங்களுடையவை, கழற்ற யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள் என்றாள். சாந்தாமணி பயபக்தியோடு தலையாட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

படியிறங்கும்போது மனசு லேசாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒன்றையாவது உருப்படியாகச் செய்தாயிற்று.

மேலிருந்து சாந்தாமணியின் குரல் கேட்டது. அதிகாரி போய்விட்டார் என்று நினைத்துத் தாழ்த்திய குரல்.

“ஏனுங்ண்ணா, இந்தப் பலகையெல்லாம் எப்பங்க எடுப்பீங்க? துணி காயப்போட எடமே இல்லீங்களே.”

நாளைக்கே எடுத்துவிடலாம் என்றார் குழந்தைவேலு.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். யார்மீது கோபப்படுவது?

அந்தப் பலகை எதற்கு என்று சாந்தாமணியிடம் யாரும் சொன்னதில்லை. இப்போது, சாவியைக் கொடுத்தபோதும், அவளும் சொல்லவில்லை.

கீழே ஓட்டுநர் ஜீப்பைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தார்.

அவள் மறுபடி மேலே ஏறத் தொடங்கினாள்.