ஒளித்து வைத்த முந்நூறு கிலோ

மழையில் ஓடுபாதை தெரியவில்லை. கேப்டன் விமானத்தை மறுபடி மேலே ஏற்றினார்.

மாலை நான்கு மணி. கீழே எங்கோ சென்னை. பின்னால் நூற்றெழுபது பேர்.

இன்னொரு முறை இறங்கிப் பார்க்கலாம். இல்லையென்றால் பெங்களூர்.

துணை விமானி ரெஹானா கணினியில் தட்டினாள். இன்னொரு முறை முயன்று, அதுவும் தவறிப்போய், பெங்களூர் போனால் எவ்வளவு எரிபொருள் மிஞ்சும்?

தொள்ளாயிரம் கிலோ.

ஆயிரத்து நூற்றுக்குக் கீழே போகக் கூடாது. அது சட்டம்.

"இந்த ஃப்ளைட் எப்பவும் முந்நூறு கம்மியாத்தானே காட்டும் சார். கூட்டினா ஆயிரத்து இருநூறு. போலாம்."

உண்மைதான். மூன்று முறை சோதித்தும் பழுது அகப்படவில்லை. விமானிகள் எல்லோரும் அந்த முந்நூற்றை மனதுக்குள் கூட்டிக்கொள்வார்கள். அவரும் கூட்டியிருக்கிறார். அதில் அவர் ஒன்றும் பெரிய யோக்கியர் இல்லை.

முந்நூற்றை ஒளித்து வைப்பது தேவசகாயத்தின் பழக்கம்.

விமானத்தை மூன்று பேர் ஓட்டிய காலத்தில், பின்னால் உட்கார்ந்து எரிபொருள் பார்த்த இன்ஜினியர். இருப்பதை முழுதாகச் சொன்னால் கேப்டன்கள் தீர்த்துவிடுவார்கள் என்பார். கணினி வந்தபோது, அதன் கணக்கைச் சரிபார்க்க இரண்டு வருடம் அவரைத்தான் உட்கார வைத்தார்கள். பிறகு அனுப்பிவிட்டார்கள். புது விமானங்களில் அந்த நாற்காலியே இல்லை.

ஆள் இறந்து பதினொரு வருடம் ஆகிறது.

கேப்டன் சரி சொல்ல வாய் திறந்தார்.

எண் மாறியது.

அறுநூறு.

யாரும் எதையும் தொடவில்லை. காற்றும் மாறவில்லை. ரெஹானா மறுபடி தட்டினாள்.

அறுநூறு.

அவருக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

"பெங்களூர்," என்றார்.

பெங்களூரில் வெயில் அடித்தது. வழியெல்லாம் கணினி சொல்லிக்கொண்டு வந்ததைவிட அறுநூறு கிலோ கூடுதலாகத் தொட்டியில் இருந்தது.

ரெஹானாவின் போன் அடித்தது. கேட்டுவிட்டு அவரிடம் சொன்னாள். அவர்களுக்குப் பின்னால் வந்த விமானம் சென்னையில் இறங்கியிருக்கிறது. ஓடுபாதையைத் தாண்டிப் போய், சேற்றில் இரண்டாக உடைந்து கிடக்கிறதாம்.

பழுதுகளை எழுதும் புத்தகத்தை அவள் திறந்தாள்.

"அவ்வளவு இருந்துச்சே சார். ஏன் காட்டல?"

அவரும் ஒருநாள் இதையே கேட்டிருக்கிறார். அப்போது அவர் துணை விமானி. அன்றும் மழை, அன்றும் வேறு ஊரில்தான் இறங்கினார்கள். தேவசகாயம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"காட்டியிருந்தா கேப்டன் எறங்கியிருப்பாரு, தம்பி."

கேப்டன் புத்தகத்தை ரெஹானாவிடமிருந்து வாங்கினார். பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எழுந்து வெளியே போகும்போது, இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால் இருந்த வெற்று இடத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்.