பச்சையில் நின்ற முள்

எதிரிக் கப்பல் சரியாகத் தலைக்கு மேலே வந்து நின்றுவிட்டது.

நூற்றிருபது மீட்டர் ஆழத்தில் அவன் மோட்டாரை நிறுத்தினான். பம்பை நிறுத்தினான். மின்விசிறியையும் நிறுத்தினான். அது மட்டும் நீர்மூழ்கியில் இல்லை, அறையின் கூரையில் இருந்தது.

இந்த விளையாட்டு அப்படிப்பட்டது. மேஜைமேல் இருக்கும் மைக் அறையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு ஸ்பூன் விழுந்தால் அங்கே கடலுக்குள் கேட்கும். திரையின் மூலையில் ஒரு முள். பச்சையில் நின்றால் பிழைத்தோம். சிவப்புக்குப் போனால், மேலே இருப்பவனை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

ஞாயிறு மதியம். திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தான். மூன்று நாளாகச் சளி. தொண்டைக்குள் ஓர் இருமல் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு மேஜை, இன்னொரு திரை, ஒரு காலி நாற்காலி.

அது டீச்சருடையது. அவன் மனைவி. பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்தவள். இங்கே ஒலி கேட்பவள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தத் திசையில் எந்தக் கப்பல் என்று சொல்வது அவள் வேலை.

மாலுமிகளுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். ஸ்டாஃப் ரூம் மொத்தமும் கடலுக்கடியில் இருந்தது. குண்டு ஏற்றுகிறவர் பி.டி. மாஸ்டர். சமையலறையில் வெங்காயம் உரிக்கிறவர் ஹெட்மாஸ்டர்.

பட்டியலில் ஒலி கேட்பவர் என்ற இடத்தில் ‘டீச்சர்’ என்று இன்னும் இருக்கிறது. நீர்மூழ்கி உடைந்தால் பட்டியலும் அழிந்துவிடும். மறுபடி தொடங்க முடியாது. முதல் நாள் அப்படித் தேர்ந்தெடுத்தது அவள். சாகாவரம் வாங்கிக்கொண்டா சண்டைக்குப் போவது என்றாள்.

அவள் போய் ஐந்து மாதம். அவன் இன்றுதான் கடலுக்கு வந்தான்.

இருமல் மேலே ஏறியது. எச்சிலை விழுங்கி அதைக் கீழே அனுப்பினான்.

அவளுக்கும் இருமல் இருந்தது. சாக்பீஸ் தூசு என்று இருவரும் முடிவு கட்டிக்கொண்டார்கள். மூன்று பயணங்களில் அந்த இருமல்தான் காட்டிக்கொடுத்தது. மூன்றாம் முறை குண்டு விழுந்து பாதிப் பேர் செத்தார்கள், பி.டி. மாஸ்டர் உட்பட. திங்கட்கிழமை பள்ளியில் அவரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம்.

அவன் சிரிக்கவில்லை. செத்தவர்களின் பட்டியலைப் பார்த்தபடி, திரும்பாமலே கேட்டான்.

"ஏன் டீச்சர், எதிரிக்கு அட்ரஸ் எழுதிக் குடுத்துட்டு வந்தியா?"

"மன்னிச்சுக்குங்க கேப்டன். அடுத்த தடவை மூச்சுகூடக் கேக்காது, பாருங்க."

கேட்கவில்லை. அதன்பிறகு ஆறு பயணங்கள். ஒன்றில்கூட முள் பச்சையை விட்டு நகரவில்லை. அமைதிக்காக விளையாட்டு அவளுக்கு ஒரு பதக்கம்கூடக் கொடுத்தது. வீட்டிலும் இருமல் சத்தம் இல்லை. குளியலறையில் குழாய் மட்டும் நெடுநேரம் ஓடும். தண்ணீரை வீணாக்காதே என்று அதற்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்.

எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்டபோது அவன்தான் முந்திக்கொண்டான்.

"இருமலா? அது நின்னு நாலு மாசம் ஆச்சு டாக்டர்."

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

இப்போது இருமல் பல் வரை வந்துவிட்டது. கையால் பொத்தினால் நிற்காது. கண்ணில் நீர் கட்டியது. துணி ஏதாவது வேண்டும். கால்களை அசைக்காமல் இடுப்பை மட்டும் திருப்பி, அவள் மேஜைப் பக்கம் கையை நீட்டினான். இந்த ஐந்து மாதத்தில் அந்தப் பக்கம் கை போனதில்லை. இழுப்பறை பாதி திறந்தே இருந்தது. ஹெட்போனுக்கு அடியில் ஒரு கைத்துண்டு, நான்காக மடித்து.

வாய்க்குள் திணித்துக் கடித்தான். இருமினான். உடம்பு முழுக்கக் குலுங்கியது.

முள் பச்சையிலேயே நின்றது.

அவ்வளவு சுலபமாக இருந்தது.

பிறகுதான் பல்லுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் துண்டு முன்பே நைந்திருந்தது.

வெளியே எடுத்து விரித்தான். நான்கு மடிப்பிலும் ஒரே இடத்தில், பிறை போல, சின்னச் சின்னக் கிழிசல்கள். சுற்றிலும் துரு நிறத்தில் கறை. துவைத்தும் போகாத கறை ஒன்று. அதன்மேல், துவைக்கவே நேரமில்லாமல் போன கறை ஒன்று.

அவன் முதுகுக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில். ஆறு பயணங்கள். கேப்டன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே எதிரிக் கப்பலின் சத்தம் மெல்ல விலகத் தொடங்கியது. இன்னும் இரண்டு நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நீர்மூழ்கி தப்பிக்கும். பட்டியல் தப்பிக்கும்.

அவன் காலி நாற்காலியைத் தன் பக்கமாகத் திருப்பினான். அது கிறீச்சிட்டது. மைக்கை எடுத்து அதன் எதிரே வைத்தான்.

"இருமிக்கோ டீச்சர்," என்றான், முழுக் குரலில்.

முள் சிவப்புக்குப் போனது.

விலகிப்போன சத்தம் சற்றுத் தூரத்தில் நின்றது. பிறகு திரும்பி வரத் தொடங்கியது.