கலியாண எழுத்துக்கு என்ன உடுப்பு?

“அப்ப பொம்பிளையள் தலைமயிரை வெட்டினா பொலிஸ் பிடிக்குமோ?”

குணசேகரம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மகள் நிலக்சிக்கு உற்சாகம் பிறந்தது.

“ஓம் அப்பா, ஜப்பானிலை. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி. குடுமியை வெட்டு, கோட்டைப் போடு, நாடு முன்னேற வேணும் எண்டு ஆம்பிளையளுக்குச் சொன்னாங்கள். அதைப் பார்த்துக் கொஞ்சப் பொம்பிளையளும் வெட்டினவை. உடனை சட்டம் வந்திட்டுது, பொம்பிளை வெட்டக் கூடாதாம்.”

“ஏனாம்?”

“எல்லாரும் மாறினா, இதுதான் ஜப்பான் எண்டு காட்ட ஆராவது மிஞ்ச வேணுமே!”

பல்கலைக்கழகத்தில் அவள் எழுதிக்கொண்டிருந்த ஆய்வு இதைப் பற்றித்தான். ஆனால் இன்றைக்கு அவளுக்கு வேண்டியது ஆய்வுக்குப் புள்ளி அல்ல, அப்பாவின் சம்மதம். வாற வெள்ளிக்கிழமை, அவர்கள் புலம்பெயர்ந்து வாழும் ஹம் நகரின் நகரசபையில் அவளுக்கும் ஜூலியனுக்கும் கலியாண எழுத்து. பதிவுக்குப் போட்டுக்கொண்டு போகச் சாம்பல் நிறக் கோட்டும் காற்சட்டையும் வாங்கி வைத்திருந்தாள். அப்பாவோ சேலைதான் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

“சீனாவிலையும் இப்பிடியோ?”

“அங்கை பொம்பிளைப் பிள்ளையளின்ர காலைச் சின்னனாக்க இறுக்கிக் கட்டினது நல்ல குடும்பம் எண்டு காட்ட. பிறகு அவிழ்க்கச் சொன்னது நல்ல நாடு எண்டு காட்ட. காலுக்குச் சொந்தக்காரியை ஒருத்தரும் கேக்கேல்லை.”

“கேக்கிற பழக்கம் எந்த நாட்டிலை கிடக்கு?” என்று குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

“உங்கடை எழுத்துக்கு நீங்கள் என்ன போட்டனீங்கள் அப்பா?”

“கோட்.”

“அம்மா?”

“சேலை.”

“அண்ணான்ர எழுத்துக்கு?”

“அவன் கோட். அண்ணி...” குணசேகரம் தாடையைச் சொறிந்தார். “அதுக்காக? பண்பாடு எண்டு ஒண்டு இருக்கெல்லே, பிள்ளை. வாற சனம் அது எங்கை எண்டு தேடாதோ?”

“அதை ஏன் என்ர இடுப்பிலை மட்டும் தேடுகினம்?”

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. குணசேகரம் கோப்பையில் மிஞ்சிய தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

“நீ சொல்லுறது ஞாயந்தான்,” என்றார் கடைசியில். “விரும்பினதைப் போடு.”

இவ்வளவு சுலபமா! கொரியாவைப் பற்றியும் அவள் மூன்று பக்கம் தயார் செய்து வைத்திருந்தாள். தேவையே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பூச்சியத்துக்குக் கீழே நாலு பாகை குளிர். ஆம்பிளைகள் எல்லாரும் முன்கூட்டியே போய்விட்டார்கள். சாம்பல் நிறக் கோட்டும் காற்சட்டையுமாக, அம்மாவோடு நகரசபை வாசலில் காரைவிட்டு இறங்கிய நிலக்சி அப்படியே நின்றுவிட்டாள்.

படியில் அப்பா, அண்ணா அனுஜன், ஜூலியன், ஜூலியனின் தகப்பன், நாலு பேரும் பட்டு வேட்டி சால்வையோடு பல்லுக் கிடுகிடுக்க நின்றார்கள்.

“இவ்வளவு காலமும் பொம்பிளையள் நீங்கள் தோளிலை காவினது காணும். இனிக் கொஞ்சக் காலம் பண்பாட்டை நாங்கள் காவுறம்,” என்றார் குணசேகரம், சிரிக்காமல். “எப்பிடி இருக்கு பிள்ளை, சொல்லு பாப்பம்?”